உணர்வுப்பதிவுவாத நிலத்தோற்ற ஓவியம்

உணர்வுப்பதிவுவாத நிலத்தோற்ற ஓவியம் என்பது, திறந்த வெளியில் காணப்படும் நிலம், மரங்கள், கட்டடங்கள், நீர், வானம் என்பவற்றை, அவை அந்நேரத்து ஒளியில் கண்ணுக்குத் தோன்றும் விதத்தில், தனித்தனியான தூரிகைத் தடங்களால் பதிவு செய்யும் ஓவிய முறை ஆகும். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்ஸ் நாட்டில் உருவான உணர்வுப்பதிவுவாத இயக்கத்தின் முதன்மையான ஓவிய வகை இதுவாகும். குளோட் மொனே, கமீல் பிசாரோ, அல்பிரட் சிஸ்லி, பியேர் ஒகஸ்ட் ரெனுவார், பெர்த் மொரிசோ ஆகியோர் இம்முறையில் வரைந்தவர்களுள் முக்கியமானவர்கள்.

மரங்களினூடாகத் தெரியும் வீடுகள் இவ்வோவியங்களில் அடிக்கடி இடம்பெறுகின்றன. கட்டடம் உறுதியான தளங்களையும் நேர்கோடுகளையும் கொண்டது. மரமோ அசைவதும் ஒளியை ஊடுருவ விடுவதும் ஆகும். இவ்விரண்டையும் ஒரே ஒளியின் கீழ் ஒன்றிணைத்துக் காட்டுவது கடினமானது. இதனால், இம்முறையைக் கற்பவர்களுக்கு இது சிறந்த பயிற்சியாகக் கருதப்படுகின்றது. இப்பயிற்சியின் மிகவும் அறியப்பட்ட வரலாற்று எடுத்துக்காட்டு, 1872 ஆம் ஆண்டு முதல் பொந்துவாஸ் என்னும் ஊரில் பிசாரோவுடன் இணைந்து வரைந்த போல் செசானின் அனுபவம் ஆகும்.

பெயர்

மொனே 1872 ஆம் ஆண்டில் லெ ஆவர் துறைமுகத்தைக் காட்டி வரைந்த "உணர்வுப்பதிவு, சூரிய உதயம்" என்னும் ஓவியத்தில் இருந்து இப்பெயர் பிறந்தது. இவ்வோவியம், 1874 ஆம் ஆண்டு ஏப்ரல் 15 ஆம் தேதி பாரிஸ் நகரில், நாடார் என்னும் ஒளிப்படக் கலைஞர் முன்னர் பயன்படுத்திய கூடத்தில் தொடங்கிய கண்காட்சியில் வைக்கப்பட்டது. லூயி லெருவா என்னும் விமர்சகர் இத்தலைப்பைக் கேலி செய்து, ஓவியர்கள் அனைவரையும் "உணர்வுப்பதிவுவாதிகள்" என்று அழைத்தார். இகழ்ச்சியாகச் சூட்டப்பட்ட இப்பெயரை ஓவியர்கள் பின்னர் தாமே ஏற்றுக்கொண்டனர். 1874 க்கும் 1886 க்கும் இடையில் இக்குழுவினர் எட்டுக் கண்காட்சிகளை நடத்தினர். எட்டிலும் பங்குபற்றிய ஒரே ஓவியர் பிசாரோ ஆவார்.

பின்னணி

பிரான்சில் கல்விக்கழக மரபு, நிலத்தோற்றத்தை வரலாற்று ஓவியத்திலும் தாழ்ந்த வகையாகவே கருதி வந்தது. ஓவியர்கள் வெளியில் சிறிய எண்ணெய் வண்ணப் பயிற்சிகளை வரைந்துகொண்டு வந்து, அவற்றின் துணையுடன் பெரிய ஓவியங்களைத் தமது ஓவியக்கூடத்திலேயே வரைந்தனர். பியேர் ஆன்றி டி வலன்சியென், 1800 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஒளி மாறிவிடும் என்பதால் ஒரு வெளிப்பயிற்சிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் செலவிடக் கூடாது என்றும், சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் அரை மணி நேரமே உண்டு என்றும் அறிவுறுத்தினார். ஆனால், அப்பயிற்சிகள் முழுமையான ஓவியங்களாகக் கருதப்படவில்லை.

1830 களில் இருந்து ஃபொந்தேன்புளோ காட்டை அடுத்த பார்பிசோன் என்னும் ஊரில் கூடிய ஓவியர்கள், எளிய நாட்டுப்புறக் காட்சிகளை நேரடியாக வரைந்தனர். கமீல் கோரோ, சார்ல்ஸ் பிரான்சுவா டோபிஞி ஆகியோர் இளைய ஓவியர்களுக்கு வழிகாட்டிகளாக இருந்தனர். டோபிஞி ஒரு படகையே ஓவியக்கூடமாக மாற்றி உவாஸ் ஆற்றில் சென்று வரைந்தார். நார்மண்டிக் கரையில் ஏழேன் புதேன் என்பவர் இளைஞரான மொனேயை வெளியில் வரையப் பழக்கினார். கோரோவிடம் அறிவுரை பெற்றவர்களில் பிசாரோவும் மொரிசோவும் அடங்குவர்.

தொழில்நுட்ப வளர்ச்சியும் இதற்குத் துணை நின்றது. முன்னர் அரைத்த எண்ணெய் வண்ணங்கள் பன்றியின் சிறுநீர்ப் பையில் கட்டி வைக்கப்பட்டன. ஒருமுறை துளையிட்டபின் அவற்றை மீண்டும் சரியாக மூட முடியாது. ஜோன் கோஃப் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர், 1841 ஆம் ஆண்டில் பிதுக்கக்கூடிய உலோகக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். மூடியுடன் கூடிய இக்குழாய்களால் பல நிறங்களை வெளியிடங்களுக்கு எளிதில் எடுத்துச் செல்ல முடிந்தது. பாரிசில் இருந்து புறநகர்களுக்குச் சென்ற தொடர்வண்டிகளும் ஓவியர்கள் காலையில் சென்று மாலையில் திரும்ப உதவின.

பொந்துவாசில் பயிற்சி

பிசாரோ 1830 ஆம் ஆண்டில், அக்காலத்தில் டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த செயின்ட் தாமஸ் தீவில் பிறந்தவர். 1870 ஆம் ஆண்டில் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் இடையே போர் மூண்டபோது, அவர் பாரிசுக்கு அண்மையில் உள்ள லூவ்சியென்னில் இருந்த தமது வீட்டை விட்டு இலண்டனுக்குச் சென்றார். அவ்வீட்டைப் பிரசியப் படையினர் பயன்படுத்தினர். அங்கு விட்டுச் சென்ற சுமார் 1500 ஓவியங்களில் ஏறத்தாழ 40 மட்டுமே எஞ்சின எனக் கூறப்படுகின்றது. கித்தான்கள் சேற்றில் மிதியடிகளாக விரிக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ இருபது ஆண்டுக் கால உழைப்பை இழந்த நிலையில், 1872 ஆம் ஆண்டில் பிசாரோ தமது குடும்பத்துடன் உவாஸ் ஆற்றங்கரையில் உள்ள பொந்துவாசில் குடியேறினார்.

தெற்குப் பிரான்சில் உள்ள எக்ஸ் நகரில் 1839 ஆம் ஆண்டில் பிறந்த செசான், பிசாரோவை 1861 ஆம் ஆண்டளவில் பாரிசில் உள்ள சுவிஸ் கழகம் என்னும் ஓவியப் பயிற்சிக்கூடத்தில் சந்தித்திருந்தார். 1860 களில் செசான் வரைந்த ஓவியங்கள் கருமையானவை; வண்ணக் கத்தியால் தடிப்பாக அப்பப்பட்டவை; பெரும்பாலும் கற்பனையான, கொந்தளிப்பான காட்சிகளைக் காட்டுபவை. 1872 ஆம் ஆண்டில் செசானும் பொந்துவாசுக்கு வந்தார். பின்னர் அருகில் உள்ள ஓவேர் என்னும் ஊரில் 1874 வரை தங்கினார். இக்காலத்தில் இருவரும் அருகருகே ஓவியத் தாங்கிகளை நிறுத்தி ஒரே காட்சியை வரைவது உண்டு.

செசான் முதலில் செய்தது ஒரு படியெடுப்பு ஆகும். பிசாரோ 1871 ஆம் ஆண்டில் வரைந்த லூவ்சியென் ஊரின் காட்சியை அவர் இரவல் பெற்றுச் சென்று, அதைப் பார்த்து மீண்டும் வரைந்தார். முப்பது வயதைக் கடந்த ஒருவர் மாணவரைப் போல் இன்னொருவரின் ஓவியத்தைப் படியெடுத்தது, அவர் தமது கையை மாற்றிக்கொள்ள எவ்வளவு விரும்பினார் என்பதைக் காட்டுகின்றது. கருமை நிறங்களை விலக்கி, மூன்று முதன்மை நிறங்களையும் அவற்றில் இருந்து பிறப்பவற்றையும் கொண்டே வரையுமாறு பிசாரோ அவருக்குக் கூறியதாகச் சொல்லப்படுகின்றது. இருவரும் வயல்வெளியில் வரைவதைப் பார்த்திருந்த ஊர்வாசி ஒருவர், பிசாரோ தூரிகையால் குத்துகிறார் என்றும் செசான் அப்புகிறார் என்றும் வேறுபடுத்தியதாகப் பிசாரோவின் மகன் லூசியன் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

இப்பயிற்சியின் விளைவு, 1873 ஆம் ஆண்டில் செசான் ஓவேரில் வரைந்த "தூக்கிலிடப்பட்டவனின் வீடு" என்னும் ஓவியத்தில் தெளிவாகத் தெரிகின்றது. சரிவான பாதையின் இருபுறமும் வீடுகளும், இலையற்ற மரங்களும், நடுவே தொலைவில் நீலமாகத் தெரியும் சமவெளியும் கொண்ட இவ்வோவியம், 1874 ஆம் ஆண்டுக் கண்காட்சியில் வைக்கப்பட்டு விற்பனையும் ஆயிற்று. தற்போது இது பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. செசான் பின்னர் பிசாரோவின் வழியில் இருந்து விலகித் தமக்கென ஒரு முறையை உருவாக்கினார். எனினும், 1906 ஆம் ஆண்டில் எக்ஸ் நகரில் நடந்த கண்காட்சியின் பட்டியலில் தம்மைப் "பிசாரோவின் மாணவர்" என்றே குறிப்பிட்டுக்கொண்டார். அவ்வாண்டிலேயே அவர் காலமானார். பிசாரோ 1903 ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார்.

கருவிகளும் பொருட்களும்

கித்தான்: மரபுவழி ஓவியர்கள் பழுப்பு நிறப் பூச்சின் மேல் வரைந்தனர். உணர்வுப்பதிவுவாதிகள் வெள்ளை, வெளிர்மஞ்சள், வெளிர்சாம்பல் ஆகிய ஒளிர்வு மிக்க பூச்சுக்களை விரும்பினர். தூரிகைத் தடங்களின் இடையே இப்பூச்சு தெரியும்போது அதுவும் ஒரு நிறமாகச் செயற்படும். கித்தான்கள் அளவு எண்களுடன் கடைகளில் ஆயத்தமாகக் கிடைத்தன. இவற்றுள் 65 x 54 சமீ கொண்ட 15 ஆம் எண் கித்தான், கையில் எடுத்துச் செல்ல ஏற்றது என்பதால் பெரிதும் பயன்பட்டது.

தூரிகை: உலோகப் பட்டையால் இறுக்கப்பட்ட தட்டையான பன்றிமயிர்த் தூரிகைகள் 19 ஆம் நூற்றாண்டில் பரவலாயின. ஒரே இழுப்பில் சதுரமான, அழுத்தமான தடத்தை இவை தருகின்றன. கூரை, சுவர் போன்ற தளங்களைக் காட்டுவதற்கு இத்தடம் மிகவும் ஏற்றது.

நிறமிகள்: அக்காலத்தில் புதியவையாக இருந்த செயற்கை நிறமிகள் இவ்வோவியங்களின் ஒளிர்வுக்கு முக்கியமான காரணம் ஆகும். கோபால்ட்டு நீலம் 1802 ஆம் ஆண்டளவில் உருவாக்கப்பட்டது. இயற்கையில் மிகவும் விலையுயர்ந்த கல்லில் இருந்து பெறப்பட்ட அல்ட்ராமரீன் நீலம், 1820 களில் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டு மலிவாகியது. விரிடியன் பச்சைக்கு 1859 இல் காப்புரிமை பெறப்பட்டது. இவற்றுடன் குரோம் மஞ்சள், காட்மியம் மஞ்சள், இரசச் சிவப்பு, மஞ்சிட்டிச் சிவப்பு, ஈய வெள்ளை ஆகியனவும் பயன்பட்டன. இவற்றுள் ஈயமும் இரசமும் கலந்தவை நச்சுத்தன்மை கொண்டவை. இன்று கற்பவர்கள் ஈய வெள்ளைக்குப் பதிலாகத் தைட்டானிய வெள்ளையைப் பயன்படுத்துகின்றனர்.

தொடக்க நிலையினருக்கு ஏழு அல்லது எட்டு நிறங்கள் போதுமானவை. வெள்ளையுடன், வெப்பமும் குளிர்ச்சியுமான இரண்டு மஞ்சள்கள், இரண்டு சிவப்புக்கள், இரண்டு நீலங்கள் ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலான நிறங்களைக் கலந்து பெறலாம். கறுப்பு பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றது. நீலத்துடன் செம்பழுப்பையோ சிவப்பையோ கலந்து பெறும் கருமை, உயிரோட்டம் உள்ளதாக அமையும்.

ஒளியும் நிறமும்

இம்முறையின் அடிப்படை, பொருளின் "சொந்த நிறம்" என்று ஒன்றை ஏற்றுக்கொள்ளாமை ஆகும். வெள்ளைச் சுவர் மாலை வெயிலில் மஞ்சளாகவும், நிழலில் நீலமாகவும், புல்வெளிக்கு அருகில் இலேசான பச்சையாகவும் தோன்றும். மனம் அதை "வெள்ளை" என்று அறிந்திருப்பதால் கண் இவற்றைக் கவனிப்பதில்லை. அறிந்ததை விடுத்துக் கண்டதை வரைவதே கற்பவர் எதிர்கொள்ளும் முதல் இடர் ஆகும்.

நிழல் என்பது வெறும் இருட்டு அன்று. நேரடி வெயில் படாத இடத்தில் வானத்தின் நீல ஒளி விழுகின்றது. இதனால் தெளிந்த நாளில் நிழல்கள் நீலமாகவோ ஊதாவாகவோ தோன்றுகின்றன. மொனே 1868-69 குளிர்காலத்தில் வரைந்த "மக்பை" என்னும் ஓவியத்தில், வேலியின் நிழல் பனியின் மேல் நீல ஊதாவாக விழுவதைக் காணலாம். கூரையின் அடிப்பகுதி போன்ற இடங்களில், தரையில் பட்டுத் தெறிக்கும் ஒளியால் நிழல் மீண்டும் வெப்பமான நிறத்தைப் பெறுவதும் உண்டு.

மிசேல் ஏழேன் செவ்ரல் என்னும் வேதியியலாளர், பாரிசின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவை நடத்தியபோது, சில நூல்களின் நிறம் மங்கித் தெரிவதாக எழுந்த முறைப்பாடுகளை ஆராய்ந்தார். குறை சாயத்தில் அன்றி, அருகில் வைக்கப்பட்ட வேறு நிற நூல்களிலேயே உள்ளது என அவர் கண்டார். 1839 இல் வெளியான அவரது நூல், அருகருகே உள்ள நிறங்கள் ஒன்றின் தோற்றத்தை ஒன்று மாற்றுகின்றன என விளக்கியது. சிவப்பும் பச்சையும், நீலமும் செம்மஞ்சளும், மஞ்சளும் ஊதாவும் ஆகிய நிரப்பு நிறங்கள் அருகருகே வரும்போது ஒன்றையொன்று மேலும் ஒளிரச் செய்கின்றன. ஓட்டுக் கூரைகளும் இலைகளும் கொண்ட காட்சி இயற்கையிலேயே இத்தகைய இணையைக் கொண்டுள்ளது.

கட்டடங்களை வரைதல்

கட்டடத்தை வரையும்போது முதலில் அதன் பெரிய தளங்களே கவனிக்கப்படுகின்றன. ஒரு சாதாரண வீட்டில் வெயில் படும் சுவர், நிழலில் உள்ள சுவர், வெயில் படும் கூரைச்சரிவு, நிழலில் உள்ள கூரைச்சரிவு என நான்கு தளங்கள் உண்டு. இந்நான்கின் ஒளிர்வு அளவுகள் சரியாக அமைந்துவிட்டால், கதவு, சன்னல் எதுவும் இல்லாமலே அது வீடாகத் தோன்றும். அளவுகள் தவறினால், எத்தனை சன்னல்களை வரைந்தாலும் வீடு தட்டையாகவே இருக்கும்.

இயலுறு தோற்ற விதிகள் இங்கும் பொருந்தும். ஆனால் அளவுகோலால் இழுத்த கோடுகள் பயன்படுவதில்லை. கூரையின் விளிம்பு சில இடங்களில் கூர்மையாகவும், சில இடங்களில் வானத்துடனோ மரத்துடனோ கலந்தும் விடப்படுகின்றது. ஓடுகள் ஒவ்வொன்றாக வரையப்படுவதில்லை. கூரையின் சரிவுத் திசையில் செல்லும் சில தடங்களும், இடையிடையே மாறும் சிவப்பு, செம்மஞ்சள், ஊதாக் கலவைகளும் ஓடுகளை உணர்த்தப் போதுமானவை. சன்னல்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில் இடப்படும் கருமையான புள்ளிகளே. அவற்றைக் கறுப்பாக அன்றி, ஆழ்ந்த நீலமாகவோ பழுப்பாகவோ இடுவது வழக்கம்.

சிஸ்லி 1876 ஆம் ஆண்டில் வரைந்த "போர்ட்-மார்லியில் வெள்ளம்" இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். செயின் ஆறு பெருகி ஊருக்குள் புகுந்தபோது, ஒரு வைன் வணிகரின் வீட்டையும் அதனருகில் நீரில் நிற்கும் மரங்களையும் அவர் பல ஓவியங்களில் வரைந்தார். வீட்டின் தளங்கள் உறுதியாகவும் அமைதியாகவும் தீட்டப்பட, நீரிலும் வானத்திலும் தடங்கள் சுதந்திரமாக அமைகின்றன. வாழ்நாள் முழுவதும் வறுமையில் இருந்த சிஸ்லி 1899 ஆம் ஆண்டில் இறந்தார். மறு ஆண்டில் நடந்த ஏலத்தில் இவ்வோவியங்களில் ஒன்று 43,000 பிராங்குக்கு விற்பனையானது.

மரங்களை வரைதல்

மரம் இலைகளின் தொகுதியாக அன்றி, ஒளியும் நிழலும் கொண்ட திரளாகவே நோக்கப்படுகின்றது. கண்களைப் பாதி மூடிப் பார்த்தால் சிறு விபரங்கள் மறைந்து, இரண்டு அல்லது மூன்று பெரிய திரள்கள் தெரியும். முதலில் நிழற் பகுதியும், அதன்பின் நடுநிறமும், இறுதியில் வெயில் படும் பகுதியும் தீட்டப்படுகின்றன. திரளின் விளிம்பில் மட்டும் சில தடங்கள் இலைகளை உணர்த்தும்.

கவனத்திற் கொள்ள வேண்டிய வேறு சில:

இலைத்திரளின் இடையே தெரியும் வானத் துண்டுகள், திறந்த வானத்தை விடச் சற்று மங்கலாக இருக்க வேண்டும். அவை மிகவும் வெளிர்ந்து இருந்தால், மரத்தின் மேல் ஒட்டிய புள்ளிகள் போல் தோன்றும்.
குழாயில் இருந்து எடுத்த பச்சை நேரடியாகப் பயன்படுத்தப்படுவது குறைவு. மஞ்சளையும் நீலத்தையும் வெவ்வேறு அளவுகளில் கலந்து, சிறிது சிவப்பைச் சேர்த்தால் பல வகையான பச்சைகளைப் பெறலாம்.
தொலைவில் உள்ள மரங்கள் நீலமாகவும் வெளிர்ந்தும் தோன்றும். அவற்றின் விளிம்புகளும் மென்மையானவை.
அடிமரம் பழுப்பு என்பது ஒரு பழக்கமே. சாம்பல், ஊதா, பச்சை ஆகியனவும் அதில் காணப்படும்.
தடங்களின் திசை மரத்தின் வளர்ச்சித் திசையைப் பின்பற்றும்போது மரம் உயிருள்ளதாகத் தோன்றும்.

வரையும் முறை

பிசாரோ தமது இறுதிக் காலத்தில், 1896-97 இல், லூயி லெ பாய் என்னும் இளம் ஓவியருக்குக் கூறிய அறிவுரைகள் எழுத்தில் கிடைக்கின்றன. எல்லைக் கோடுகளை அளவுக்கு மீறி வரையறுக்கக் கூடாது. சரியான நிறமும் ஒளிர்வும் கொண்ட தடமே உருவத்தைத் தர வேண்டும். ஒரு பகுதியை முடித்துவிட்டு மறு பகுதிக்குச் செல்லாமல், வானம், நீர், கிளை, தரை அனைத்தையும் ஒரே நேரத்தில் முன்னெடுக்க வேண்டும். முதலில் பெற்ற உணர்வுப்பதிவை இழந்துவிடாமல் தயக்கமின்றித் தீட்ட வேண்டும் என்பன அவற்றின் சாரம் ஆகும். இவற்றை அடிப்படையாகக் கொண்டு, கற்பவர்கள் பின்வரும் ஒழுங்கைப் பின்பற்றலாம்.

1. காட்சியைத் தெரிவு செய்தல்: ஒரு கட்டடத் தொகுதி, ஓரிரு மரங்கள், சிறிது வானம் ஆகியவை போதும். ஒரு அட்டையில் வெட்டிய செவ்வகத் துளையினூடாகப் பார்த்து எல்லையைத் தீர்மானிக்கலாம்.

2. சிறு வரைபு: உள்ளங்கை அளவான தாளில், வெளிர், நடு, கருமை என்னும் மூன்று அளவுகளில் மட்டும் காட்சியைப் பிரித்து வரைதல். இந்நிலையில் சரியாக அமையாத காட்சி, பின்னர் நிறத்தால் சரியாவதில்லை.

3. இடங்குறித்தல்: நீர்த்த நீல வண்ணத்தால் கூரை உச்சி, சுவரின் அடி, அடிமரம், தொடுவானம் ஆகியவற்றின் இடங்களை மட்டும் சில கோடுகளால் குறித்தல்.

4. முதற் படை: டர்ப்பன்டைன் கலந்து மெல்லிதாக்கிய வண்ணத்தால் கித்தான் முழுவதையும் விரைவாக மூடுதல். வானத்தின் நிறத்தைக் கூரையுடனும், கூரையின் நிறத்தைப் புல்லுடனும் ஒப்பிட்டபடியே இது செய்யப்படுகின்றது.

5. தடங்களைக் கட்டியெழுப்புதல்: தடிப்பான வண்ணத்தைத் தனித்தனித் தடங்களாக இடுதல். ஒவ்வொரு தடமும் வண்ணத்தட்டில் கலந்து தீர்மானிக்கப்பட்ட பின்னரே கித்தானுக்குச் செல்ல வேண்டும். இட்டபின் அதைத் தேய்ப்பதால் நிறங்கள் சேறாகிவிடும்.

6. விளிம்புகளைச் சீராக்கல்: எங்கு கண் நிற்க வேண்டுமோ அங்கு கூர்மையான விளிம்பும், ஏனைய இடங்களில் கரைந்த விளிம்பும் அமைத்தல்.

7. நிறுத்துதல்: சூரியன் வானில் ஒரு மணி நேரத்தில் 15 பாகை நகர்கின்றது. இரண்டு மணி நேரத்தில் நிழல்கள் முற்றாக இடம்மாறிவிடும். மாறிய நிழலைத் துரத்திச் செல்லாமல், மறுநாள் அதே நேரத்தில் திரும்பி வருவதே நல்லது.

எண்ணெய் வண்ணத்தில் பின்வரும் படைகள், முன்னைய படைகளை விடக் கூடிய எண்ணெய் கொண்டவையாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. மெதுவாக உலரும் படையின் மேல் விரைவாக உலரும் படை அமைந்தால், காலப்போக்கில் மேற்பரப்பில் வெடிப்பு ஏற்படலாம்.

எடுத்துக்காட்டு: சிவப்புக் கூரைகள்

பிசாரோ 1877 ஆம் ஆண்டில் பொந்துவாசில் வரைந்த "சிவப்புக் கூரைகள்" என்னும் ஓவியம் ஏறத்தாழ 54 x 65 சமீ அளவு கொண்டது. அதாவது 15 ஆம் எண் கித்தான். குளிர்காலத்தில் இலையுதிர்ந்த பழமரங்களின் பின்னால் ஒரு வீட்டுத் தொகுதியும், அதன் பின்னால் மேலெழும் குன்றுச் சரிவும் காணப்படுகின்றன. தொடுவானம் உயரத்தில் அமைந்திருப்பதால் வானத்துக்குக் குறைந்த இடமே உள்ளது.

இவ்வோவியத்தில் மரங்கள் வீடுகளுக்கு ஒதுங்கி நிற்கவில்லை, அவற்றை மறைக்கின்றன. பார்வையாளரின் கண் கிளைகளின் வலையினூடாகவே கூரைகளை அடைய வேண்டியுள்ளது. இத்தகைய மரத்திரை அமைப்பை ஐரோப்பாவில் அக்காலத்தில் பரவிய ஜப்பானிய மர அச்சுப் படங்களிலும் காணலாம். கூரைகளின் சிவப்பு வீடுகளில் மட்டும் நின்றுவிடாமல், முன்னால் உள்ள தரையிலும் பின்னால் உள்ள சரிவிலும் சிறு தடங்களாக மீண்டும் வருகின்றது. பச்சையும் அவ்வாறே பரவியுள்ளது. இவ்வாறு ஒரே நிறங்கள் முழுப் பரப்பிலும் திரும்ப வருவதால், மரமும் கட்டடமும் நிலமும் ஒரே ஒளியில் பிணைக்கப்படுகின்றன. இலையற்ற மரங்களைத் தெரிந்தமையால், கட்டடங்களின் அமைப்பும் தெளிவாக இருக்கின்றது. கற்பவர்கள் குளிர்கால வெற்று மரங்களுடன் தொடங்குவது எளிது என்பதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும்.

ஓவியரான குஸ்தாவ் கையேபொத் தமது தொகுப்பில் வைத்திருந்த இவ்வோவியம், 1894 ஆம் ஆண்டில் அவர் இறந்தபோது பிரெஞ்சு அரசுக்கு அவர் விட்டுச் சென்றவற்றுள் அடங்கும். அத்தொகுப்பு முழுவதையும் ஏற்க அரசு முன்வரவில்லை. ஏற்கப்பட்டவற்றுள் ஒன்றான இது, இப்போது ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது.

வெளியில் வரைவதன் இடர்கள்

காற்று, மழை, மாறும் ஒளி என்பவற்றுடன், காட்சியே இல்லாமற் போகும் ஆபத்தும் உண்டு. 1891 ஆம் ஆண்டில் மொனே, எப்ட் ஆற்றங்கரையில் உள்ள பாப்லார் மரங்களைத் தொடராக வரைந்துகொண்டு இருந்தபோது, அம்மரங்களை வெட்டி விற்க ஊராட்சி முடிவு செய்தது. மொனே ஒரு மர வணிகருடன் உடன்பாடு செய்து, தமது ஓவியங்கள் முடியும் வரை மரங்களை வெட்டாமல் வைத்திருக்கப் பணம் கொடுத்தார். ஒளி மாறும்போது ஒரு கித்தானை வைத்துவிட்டு மற்றொன்றை எடுக்கும் முறையை அவர் வைக்கோற்போர் தொடரிலும், 1892-94 காலத்து ருவான் பேராலயத் தொடரிலும் கையாண்டார். பேராலயத் தொடரில் முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் உள்ளன.

பிசாரோவுக்கு முதுமையில் ஏற்பட்ட கண் நோயினால், காற்றும் தூசியும் உள்ள வெளியில் நின்று வரைவது இயலாமற் போயிற்று. அவர் ஓவியத்தை விட்டுவிடவில்லை. விடுதி அறைகளை வாடகைக்கு எடுத்து, மூடிய சன்னல்களின் ஊடாக நகரத் தெருக்களை வரைந்தார். 1897 ஆம் ஆண்டில் வரைந்த மொன்மார்த்தர் பெருந்தெருத் தொடரில், கட்டட வரிசைகளும் சாலையோர மரங்களும் வெயில், பனி, மழை, இரவு ஆகிய வேளைகளில் காட்டப்பட்டுள்ளன.

தவறான கருத்துக்கள்

இவ்வோவியங்கள் எல்லாம் ஒரே அமர்வில், முழுவதும் வெளியிலேயே வரையப்பட்டவை என்னும் கருத்துப் பரவலாக உள்ளது. மொனே 1870 இல் வரைந்த துரூவில் கடற்கரை ஓவியத்தில் மணற்துகள்கள் ஒட்டியிருப்பது, அது கடற்கரையிலேயே வரையப்பட்டதை உறுதி செய்கின்றது. ஆனால், பிற்காலத்து ஆய்வுகள், பல ஓவியங்களில் உலர்ந்த படையின் மேல் மீண்டும் வண்ணம் இடப்பட்டிருப்பதைக் காட்டியுள்ளன. அதாவது, அவை பல அமர்வுகளில், சில வேளைகளில் ஓவியக்கூடத்தில், முடிக்கப்பட்டவை. விரைவாகத் தோன்றும் ஓவியம் விரைவாக வரையப்பட்டது ஆகாது.

தெளிவற்று வரைவதே இம்முறை என்பதும் தவறாகும். எல்லைக் கோடு இல்லாமையால், ஒவ்வொரு தடத்தின் நிறமும் ஒளிர்வும் இடமும் மேலும் துல்லியமாக இருக்க வேண்டியுள்ளது. நிறத்தைப் புள்ளிகளாகப் பிரித்து அறிவியல் முறையில் இடுவது, ஜோர்ஜ் சோராவின் புள்ளியியப் பாணி ஆகும். பிசாரோவும் 1886 அளவில் அதைப் பின்பற்றினார். ஆனால் அது தமது உணர்வுகளின் சுதந்திரத்தைத் தடுப்பதாகக் கருதிச் சில ஆண்டுகளில் கைவிட்டார்.

தாக்கம்

பொந்துவாசில் பிசாரோவுடன் வரைந்தவர்களுள் போல் கோகனும் ஒருவர். செசான் கட்டடங்களையும் மரங்களையும் தளங்களாகப் பிரித்து நோக்கிய முறை, 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியூபிசம் தோன்றுவதற்கு வழிகோலியது. பிசாரோவும் செசானும் அருகருகே வரைந்த ஓவியங்களை ஒப்பிட்டுக் காட்டும் கண்காட்சி, 2005 ஆம் ஆண்டில் நியூ யார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் நடைபெற்றது. ஒரே தோட்டத்தையும் ஒரே வீடுகளையும் இருவரும் வெவ்வேறாகக் கண்டிருந்ததை அக்கண்காட்சியில் காண முடிந்தது.

இவற்றையும் பார்க்கவும்

உணர்வுப்பதிவுவாதம்
கமீல் பிசாரோ
போல் செசான்
பார்பிசோன் குழு
எண்ணெய் வண்ண ஓவியம்
புள்ளியியம்